லிங்கனின் வாசலில் நின்றவர்கள்

ஆபிரகாம் லிங்கன் என்ற பெயரைக் கேளாதவர் நம்மில் இரார். மரக்குடிசையில் பிறந்தவர், அடுப்பு வெளிச்சத்தில் படித்தவர், அடிமைகளின் விலங்கை உடைத்தவர், நாடகக் கொட்டகையில் சுடப்பட்டு மாண்டவர் என்ற செய்திகள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம். ஆனால் அவரைக் காப்பதற்கென்று நியமிக்கப்பட்டவர்கள் யார், அந்த வெள்ளிக்கிழமை இரவில் அவர்கள் எங்கே இருந்தார்கள், பிறகு எஞ்சிய காலத்தை எப்படிக் கழித்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெருமனிதர்களின் சரித்திரத்தில் வாசற்காவலனுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பது அரிது.

அமானிதம் என்ற சொல்லின் கனம் வணிகர்களாகிய நமக்குத் தெரியும். கடைச் சாவியை ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பலேறிய முன்னோர்களின் வழிவந்தவர்கள் நாம். சிங்கப்பூர்க் கிட்டங்கிகளின் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்த ஜாகாக்களை நம் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். சரக்கு களவு போனால் முதலில் எழும் கேள்வி ஜாகா எங்கே என்பதுதான். அதே கேள்வி ஒரு தேசத்தின் தலைவர் விஷயத்தில் எழுந்தால் என்ன பதில் கிடைக்கும் என்பதைப் பார்க்கவே, லிங்கனுடைய வாழ்க்கையை அந்த வாசற்பக்கத்திலிருந்து சொல்லத் துணிகிறோம்.

லிங்கன் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். அவர் பள்ளிக்கூடம் சென்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிறையாது. 1831-ல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நியூ சேலம் என்ற சிற்றூருக்கு வந்து ஒரு கடையில் சிப்பந்தியாக அமர்ந்தார். பின்னர் பெர்ரி என்பவருடன் பங்கு சேர்ந்து சொந்தக் கடை வைத்தார். பங்காளி குடிப்பழக்கம் உள்ளவர். லிங்கனோ புத்தகம் கிடைத்தால் வாடிக்கையாளரை மறப்பவர். கடை எப்படி நடந்திருக்கும் என்பதை நம்மவர்கள் ஊகித்துக் கொள்ளலாம்! கடை முழுகியது. 1835-ல் பெர்ரியும் இறந்து போனார். கடன் ஏறக்குறைய 1,100 டாலர். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் அது பெருந்தொகை. இரவோடிரவாக ஊரைவிட்டுப் போய்விடுவது அங்கே சகஜமாயிருந்தது. லிங்கன் போகவில்லை. இறந்த பங்காளியின் பாகத்தையும் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். அவருடைய குதிரையும் நிலம் அளக்கும் கருவிகளும் ஏலத்துக்கு வந்தன. ஒரு நண்பர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். பல ஆண்டுகள் உழைத்து அந்தக் கடனைக் கட்டி முடித்தார். நாணயஸ்தர் என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

இந்தக் கடைச் சமாசாரத்தைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறருடைய பொறுப்பைத் தம் தோளில் தூக்கத் தயங்காத அந்த மனிதர், தம்முடைய உயிரின் பொறுப்பைப் பிறர் தூக்குவதை மட்டும் கடைசிவரை விரும்பவில்லை. அவருடைய காவலர்களின் கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

வக்கீலாகிப் பெயர் எடுத்ததும், அடிமைமுறை புதிய பிரதேசங்களில் பரவக்கூடாது என்று வாதாடியதும், 1860 நவம்பரில் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் எல்லோரும் அறிந்தவை. அவர் பதவி ஏற்குமுன்பே தென் மாநிலங்கள் ஏழு பிரிந்து போய்விட்டன. கொலை மிரட்டல் கடிதங்கள் நாள்தோறும் வந்தன. 1861 பிப்ரவரியில் அவர் தலைநகர் வாஷிங்டனுக்கு ரயிலில் புறப்பட்டபோது, பால்டிமோர் நகரில் வண்டி மாறும் இடத்தில் அவரைத் தீர்த்துக்கட்டச் சதி நடப்பதாகத் துப்பறிவாளர் ஆலன் பிங்கர்ட்டன் தகவல் கொண்டு வந்தார். உடனே திட்டம் மாற்றப்பட்டது. பிங்கர்ட்டனிடம் வேலை பார்த்த கேட் வார்ன் என்ற பெண்மணி, நோயாளிச் சகோதரரை அழைத்துச் செல்வதாகச் சொல்லித் தூங்கும் வண்டியில் இடம் பிடித்திருந்தார். அந்த நோயாளிதான் வருங்கால ஜனாதிபதி! ஆறடி நான்கு அங்குல மனிதரை அந்தப் படுக்கையில் முடக்கிப் போட்டு, நள்ளிரவில் பால்டிமோரைக் கடந்து, 23-ஆம் தேதி விடியற்காலையில் வாஷிங்டன் கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

உயிர் தப்பியது, மானம் போயிற்று. மாறுவேடம் பூண்டு பயந்து ஓடி வந்த ஜனாதிபதி என்று பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டுச் சிரித்தன. லிங்கனுக்கு இது ஆறாத புண்ணாயிற்று. அப்படி வந்திருக்கக்கூடாது என்று அவர் பிற்காலத்தில் வருந்தியதுண்டு. காவல் என்றாலே அவர் முகம் சுளித்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

அந்த இரவுப் பயணத்தில் லிங்கனோடு சென்ற ஒரே நண்பர் வார்டு ஹில் லாமன். இல்லினாய்ஸில் அவரோடு சேர்ந்து வக்கீல் தொழில் பார்த்தவர். ஆஜானுபாகுவான தேகம், பாட்டும் நகைச்சுவையும் தெரிந்தவர், கைத்துப்பாக்கிகளும் கத்திகளும் இல்லாமல் வெளியே போகாதவர். லிங்கன் அவரை வாஷிங்டன் வட்டாரத்தின் மார்ஷலாக நியமித்தார். ஜனாதிபதியைக் காப்பது அந்த உத்தியோகத்தின் கடமைகளில் எழுதப்பட்டதன்று. லாமன் அதைத் தாமாகவே ஏற்றுக்கொண்டார்.

அன்றைய வெள்ளை மாளிகையை இன்றைய நிலையை வைத்து எண்ணிப் பார்க்கக்கூடாது. கதவு திறந்தே கிடக்கும். வேலை கேட்பவர்கள், மகனைப் படையிலிருந்து விடுவிக்கக் கோரும் தாய்மார்கள், ஒப்பந்தக்காரர்கள் என்று மாடிப்படி நெடுகிலும் ஜனங்கள் நிற்பார்கள். அவர்களைச் சந்திப்பதைக் கடமையாகவே லிங்கன் கருதினார். ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவன் வாளேந்திய சிப்பாய்களுக்கு நடுவே ராஜாவைப் போல உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொருந்தவில்லை. வெளிவிவகார மந்திரி சூவர்டும், அரசியல் கொலை அமெரிக்காவின் பழக்கமன்று என்ற நம்பிக்கையோடு 1862-ல் கடிதம் எழுதியவர்தான். பாவம், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

கோடை காலத்தில் லிங்கன் குடும்பம் நகருக்கு மூன்று மைல் தொலைவிலுள்ள படைவீரர் இல்லத்தில் தங்கும். குதிரைப்படை துணைக்கு வரும். அந்த வாள்களின் ஓசையில் தானும் மனைவியும் பேசுவதுகூடக் காதில் விழவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். சமயம் வாய்த்தால் அவர்களை விட்டுவிட்டுத் தனியே குதிரை ஏறிவிடுவார். 1864 ஆகஸ்டில் ஓரிரவு அவர் தலையில் தொப்பி இல்லாமல் விரைந்து வந்து சேர்ந்ததாகவும், பிறகு கண்டெடுத்த தொப்பியில் குண்டு துளைத்த ஓட்டை இருந்ததாகவும் அங்கே காவலிருந்த சிப்பாய் ஒருவர் பிற்காலத்தில் கூறினார். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று லிங்கன் கேட்டுக்கொண்டாராம். மிரட்டல் கடிதங்களை ஒரு தனி உறையில் போட்டு மேசையில் வைத்திருந்தார். தன் உயிரைக் கொடுக்கத் துணிந்த ஒருவன் இன்னொருவன் உயிரை எடுக்க வேண்டுமென்று நினைத்துவிட்டால் எந்தக் காவலும் தடுக்காது என்பது அவர் கொள்கை.

அந்தக் கொள்கையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காவலனுடைய இடத்திலிருந்து அதைக் கேட்டுப் பாருங்கள். பாதுகாக்கப்பட வேண்டியவரே பாதுகாப்பை வீண் என்று கருதினால், காவலன் எவ்வளவு காலம்தான் விழித்திருப்பான்? லாமன் விழித்திருந்தார். 1864 நவம்பர் 8-ஆம் தேதி லிங்கன் இரண்டாம் முறை வெற்றி பெற்ற இரவில், லாமன் போர்வையைச் சுற்றிக்கொண்டு, துப்பாக்கிகளும் கத்திகளும் சூழ, ஜனாதிபதியின் படுக்கையறை வாசலில் தரையில் படுத்திருந்து விடியுமுன் எழுந்து போனார். காரியதரிசி ஜான் ஹே தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திராவிட்டால் நமக்குத் தெரிந்திராது. ஒரு மாதம் கழித்து, செனட்டர் ஒருவரையும் அயல்நாட்டுத் தூதர் ஒருவரையும் மட்டும் கூட்டிக்கொண்டு லிங்கன் நாடகம் பார்க்கப் போய்விட்டார் என்று அறிந்தபோது, கோபமும் கவலையுமாக ஒரு கடிதம் எழுதி, இப்படியே நடந்தால் தாம் ராஜினாமா செய்ய நேரும் என்றும் எச்சரித்தார்.

அந்த நவம்பரில்தான் வாஷிங்டன் போலீஸ் படையிலிருந்து நால்வர் ஜனாதிபதியின் காவலுக்கென்று சாதாரண உடையில் அனுப்பப்பட்டனர். பகலில் இருவர், மாலை 4 மணியிலிருந்து நள்ளிரவு வரை ஒருவர், அதற்குப் பின் ஒருவர் என்று முறை. பின்னர் ஆட்கள் மாறி மாறி வந்ததில் இருவரை நாம் மறக்க முடியாது. ஒருவர் வில்லியம் குரூக், 1865 ஜனவரியில் சேர்ந்த இளைஞர். இன்னொருவர் ஜான் பார்க்கர்.

பார்க்கர் தச்சு வேலை பார்த்தவர். 1861-ல் அந்தப் போலீஸ் படை தொடங்கியபோதே சேர்ந்தவர். அவருடைய பெயரில் இருந்த புகார்கள் ஒன்றிரண்டல்ல. கடமை நேரத்தில் குடித்திருந்தார், குதிரை டிராம் வண்டியில் தூங்கினார், மரியாதையற்ற சொல் பேசினார், போகக்கூடாத வீட்டில் காணப்பட்டார் என்றெல்லாம் பதிவாகியிருந்தன. ஒவ்வொரு முறையும் கண்டித்துவிட்டு விட்டார்கள். இப்படிப்பட்டவரைக் கடைக்கு இரவுக் காவலாக வைக்க நம்மில் யாராவது சம்மதிப்போமா? ஆனால் ஜனாதிபதியின் வாசலுக்கு அவர் வந்து சேர்ந்தார். அதுமட்டுமல்ல, 1865 ஏப்ரல் 3-ஆம் தேதி, அவரைப் போர்ச்சேவைக்கு இழுக்காமல் விட்டுவைக்கும்படி திருமதி லிங்கனே கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர்மேல் நம்பிக்கை வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு இது சாட்சி.

மறுநாள் லிங்கன் விழுந்துவிட்ட தென்னகத் தலைநகரான ரிச்மண்டில் கால் வைத்தார். ஒரு டஜன் மாலுமிகள்தான் காவல். குரூக்கும் கூட நடந்தார். இருபுறமும் எதிரிகளின் வீடுகள், ஜன்னல்களில் முகங்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் திரண்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். எந்த ஜன்னலிலிருந்தும் ஒரு குண்டு வரலாம். வரவில்லை. நான்காண்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொடுத்த நாட்டில், பகைவரின் நகரத் தெருவில் பகல் வெளிச்சத்தில் பத்திரமாக நடந்து திரும்பியவர், பத்து நாட்களுக்குப் பின் தம் சொந்தத் தலைநகரில் நாடகம் பார்க்கப் போனார்.

ஏப்ரல் 9-ல் தென்னகத் தளபதி லீ சரணடைந்தார். நகரெங்கும் விளக்கு அலங்காரம். 11-ஆம் தேதி லிங்கன் மாளிகை ஜன்னலில் நின்று பேசுகையில், கறுப்பினத்தவர் சிலருக்கேனும் வாக்குரிமை தரலாம் என்ற கருத்தை வெளியிட்டார். கூட்டத்தில் நின்ற நடிகன் ஜான் வில்க்ஸ் பூத் அதைக் கேட்டுக் கொதித்தான். அந்த நாட்களில் லாமனை லிங்கன் அரசாங்க அலுவலாக ரிச்மண்டுக்கு அனுப்பினார். தாம் இல்லாதபோது இரவில் வெளியே போக வேண்டாம், முக்கியமாக நாடகத்துக்குப் போக வேண்டாம் என்று லாமன் வேண்டிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. கிறிஸ்தவர்களுக்குப் புனித வெள்ளி. பகல் காவல் முடிந்து 4 மணிக்குப் பார்க்கர் வந்து மாற்றியிருக்க வேண்டும். குரூக் எழுதி வைத்தபடி, அவர் பல மணி நேரம் தாமதித்தே வந்தார். அன்று மாலை லிங்கனுடன் போர் இலாகாவுக்கு நடந்து போய் வந்த குரூக், நாடகத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். முடியாதென்றால் தாமும் கூட வருவதாகச் சொன்னார். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர் வீட்டுக்குப் போகட்டும் என்று லிங்கன் மறுத்துவிட்டார். வழக்கமாக அவர் சொல்வது இரவு வணக்கம். அன்று மட்டும் விடை கொடுப்பவர் போலச் சொன்னார் என்பது குரூக்கின் நினைவு.

லிங்கனோடு வருவதாயிருந்த தளபதி கிராண்டும் மனைவியும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக மேஜர் ஹென்றி ராத்போன் என்ற இளம் அதிகாரியும், அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கிளாரா ஹாரிஸும் வந்தார்கள். ஃபோர்டு நாடக அரங்குக்கு இரவு 8:30 மணியளவில் வண்டி வந்து சேர்ந்தது. நாடகம் நின்றது, வாத்தியம் முழங்கியது, சபை எழுந்து ஆரவாரித்தது. ஜனாதிபதியின் பாக்ஸ் மாடியில். அதற்குப் பின்னாலுள்ள வழியில் காவலருக்கு ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் நாடகம் தெரியாது. பார்க்கர் எழுந்து நாடகம் தெரியும் இடத்துக்குப் போய்விட்டார். அதோடு நிற்கவில்லை. நடுவே ஜனாதிபதியின் பணியாளர் ஃபோர்ப்ஸும் அவருமாக வெளியே வந்து, வண்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு, பக்கத்து மதுக்கடைக்குப் போனார்கள். வண்டிக்காரரே பிற்பாடு கோர்ட்டில் இதைச் சொன்னார். அதே மதுக்கடையில் அன்றிரவு பூத்தும் குடித்தான்.

ஃபோர்ப்ஸ் திரும்பி வந்து பாக்ஸுக்கு அருகே உட்கார்ந்திருந்தார். 10:15 மணியளவில் பூத் வந்தான். அவன் பிரசித்தி பெற்ற நடிகன். அந்த அரங்கில் அவனுக்குப் போகாத இடமில்லை. ஃபோர்ப்ஸிடம் ஒரு சீட்டைக் காட்டினான்; உள்ளே போனான். கதவை ஒரு கட்டையால் அண்டைக் கொடுத்து அடைத்தான். மேடையில் ஒரு ஹாஸ்யக் கட்டம், சபை முழுதும் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பில் துப்பாக்கிச் சத்தம் அமுங்கியது. ராத்போன் பாய்ந்து பிடித்தார். பூத் கத்தியால் அவருடைய கையை முழங்கை முதல் தோள்வரை கிழித்துவிட்டு மேடையில் குதித்து ஓடினான். ரத்தம் கொட்டக் கொட்ட ராத்போன்தான் அந்தக் கட்டையை அகற்றி வைத்தியர்களுக்குக் கதவைத் திறந்தார். எதிர்வீட்டுக் கட்டிலில் கிடத்தப்பட்ட லிங்கன் கண் விழிக்கவேயில்லை. ஏப்ரல் 15 காலை 7:22 மணிக்கு உயிர் பிரிந்தது.

அதே வேளையில் நகரின் இன்னொரு பக்கத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மந்திரி சூவர்டு வண்டி விபத்தில் காயமடைந்து படுக்கையில் இருந்தார். மருந்து கொண்டு வந்ததாகச் சொல்லிப் பூத்தின் கூட்டாளி ஒருவன் உள்ளே நுழைந்து, வழியில் நின்ற மகனின் மண்டையை உடைத்துவிட்டு, நோயாளிமேல் பாய்ந்து கத்தியால் குத்தினான். அங்கே இருந்தது மெய்க்காவலர் யாருமல்ல. காயம் ஆறிக்கொண்டிருந்த ஒரு சாதாரணச் சிப்பாய், ஜார்ஜ் ராபின்சன், நோயாளியைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டவர். ஆயுதமில்லாத அவர் கொலைகாரனைக் கட்டிப் பிடித்துப் போராடிக் குத்துப்பட்டார். சூவர்டு பிழைத்தார். 1871-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ராபின்சனுக்குத் தங்கப் பதக்கமும் 5,000 டாலரும் வழங்கியது. காவல் என்பது உத்தியோகத்தின் பெயரில் இல்லை போலும்.

பார்க்கருக்கு வருவோம். ஜனாதிபதி உயிருக்குப் போராடிய அந்த இரவு முழுவதும் அவரைக் கண்டவர் இல்லை. விடியற்காலையில் தெருவில் பிடித்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்தில் வந்து நின்றார்! ஒரு கேஸ் கொண்டு வந்து கடமை செய்ததாகக் காட்ட நினைத்தாரோ, அறிவு கலங்கி வந்தாரோ, யாருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின்மேல் வழக்கு இல்லையென்று விட்டுவிட்டார்கள். மே மாதம் போலீஸ் அதிகாரி அவர்மேல் கடமை தவறியதாகக் குற்றம் சாட்டினார். ஜூன் 2-ல் அது தள்ளுபடியாயிற்று. பத்திரிகைகளும் அவரை விட்டுவிட்டன. தேசமே பூத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அவன் ஏப்ரல் 26-ல் ஒரு பண்ணைக் கொட்டகையில் சுடப்பட்டு இறந்தான். ஜூலை 7-ல் கூட்டாளிகள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். வாசலில் யார் நின்றார் என்று கேட்க ஆளில்லை.

ஒருவர் கேட்டார். கணவரை இழந்து அறையைவிட்டு வெளிவராமல் கிடந்த திருமதி லிங்கன். அவருக்குத் துணையாயிருந்த தையற்கலைஞர் எலிஸபெத் கெக்லி, அடிமையாய்ப் பிறந்து ஊசி வேலையின் தயவில் 1,200 டாலர் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கியவர், 1868-ல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். அன்றிரவு நாடகத்துக்குக் கூடச் சென்ற காவலரே, கொலைக்குப் பின்னும் வெள்ளை மாளிகையில் இரவுக் காவலுக்கு வந்தாராம். அவருக்குப் பெயர் சொல்லவில்லை. பார்க்கர் என்பதே பலருடைய முடிவு. அம்மையார் அவரை உள்ளே அழைத்து, என் கணவரைக் கொல்லத் துணைபோனவன் நீ என்ற கருத்தில் சீறினார். அவர் நடுங்கினார். கொலைக்கு உடந்தை என்பதை மறுத்தார். அவ்வளவு நல்ல மனிதரை அத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவன் கொல்லுவான் என்று தாம் எண்ணவில்லை, அந்த எண்ணமே தம்மை அலட்சியமாக்கியது, நாடகம் மனதை இழுத்தது, கொலைகாரன் நுழைந்ததைக் காணவில்லை, செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டு வருந்தினார். அம்மையார் நம்பவில்லை. அவரைப் போகச் சொல்லிவிட்டுத் தலையணையில் முகம் புதைத்து அழுதார்.

அந்தக் காவலரின் பதிலை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். அதில் பொய் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆபத்து வராது என்று நினைத்தார். நினைத்ததால் எழுந்து போனார். லிங்கனும் அதையேதான் நினைத்தார், சூவர்டும் நினைத்தார். ஆனால் தலைவர் அப்படி நினைப்பது தைரியம். காவலர் அப்படி நினைப்பது துரோகம். கடை முதலாளி கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம். அவர் பொருள், அவர் விருப்பம். ஜாகா தூங்கக்கூடாது.

பார்க்கருக்காக வாதாடுவோரும் உண்டு. அவர் வேலை ஜனாதிபதியை அரங்கில் கொண்டுவந்து விடுவதும் திரும்ப அழைத்துப் போவதுமே, இடையில் நாடகம் பார்க்க லிங்கனே அனுமதித்திருப்பார் என்பது அவர்கள் கட்சி. அவர் நாற்காலியிலேயே இருந்திருந்தாலும் பிரசித்தமான நடிகன் சீட்டைக் காட்டினால் வணக்கம் சொல்லி வழிவிட்டிருப்பார் என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஃபோர்ப்ஸ் அப்படித்தான் விட்டார். ஆனாலும் பூட்டை உடைக்க வல்ல திருடன் வந்தான் என்பதற்காகப் பூட்டாமல் போனவனை எந்தக் கணக்கில் மன்னிப்பது? இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அத்தனை புகார்களுக்குப் பின்னும் அவரை அந்த வாசலுக்கு அனுப்பியவர்கள் தண்டிக்கப்படவில்லை, விசாரிக்கப்படவுமில்லை.

குற்றமற்றவர்களின் கதிதான் நம் மனதை அதிகம் வருத்துகிறது. லாமன் ரிச்மண்டிலிருந்து திரும்பி, இறுதி ஊர்வலத்துக்குப் பொறுப்பேற்று, சவப்பெட்டி சென்ற ரயிலில் ஸ்பிரிங்ஃபீல்டு வரை போனார். அந்த ஜூனிலேயே மார்ஷல் வேலையை விட்டுவிட்டார். 1893-ல் காலமாகும்வரை, தாம் நகரில் இருந்திருந்தால் இது நடந்திராது என்ற எண்ணம் அவரை விடவில்லை. அவரை அனுப்பியவர் லிங்கனேயாயினும் அந்த ஆறுதல் போதவில்லை. குரூக் ஐம்பது ஆண்டுகள் வெள்ளை மாளிகையிலேயே பணி செய்து 1915-ல் மறைந்தார். பார்க்கர் அந்த இரவுக்குப் பின் பழைய மனிதராக இருந்ததில்லை என்று எழுதியவர் அவர்தான்.

ராத்போன் காவலரே அல்லர், விருந்தாளி. அந்த அறையில் எதிர்த்துப் போராடிய ஒரே மனிதர். கைக் காயம் ஆறியது. 1867-ல் கிளாராவை மணந்து மூன்று குழந்தைகளுக்குத் தந்தையானார். உடலிலும் உள்ளத்திலும் நோய் பெருகியது. ஜனாதிபதியைக் காக்கத் தவறினோம் என்ற ஏக்கமே அவரை அரித்தது என்று நம்பப்படுகிறது. 1883-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி, ஜெர்மனியில் ஹானோவர் நகரில், அவர் மனைவியைத் துப்பாக்கியால் சுட்டும் கத்தியால் குத்தியும் கொன்றார், தம்மையும் குத்திக்கொண்டார். துப்பாக்கி, பிறகு கத்தி. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாக்ஸில் நடந்த அதே வரிசை. ஹில்டஸ்ஹைம் மனநோய் விடுதியில் 1911 வரை உயிரோடிருந்தார். நாற்காலியைவிட்டு எழுந்து போனவருக்கு இந்தத் தண்டனை கிடைக்கவில்லை, எழுந்து பாய்ந்தவருக்குக் கிடைத்தது.

அரசாங்கம் இதிலிருந்து பாடம் கற்கவும் நாளாயிற்று. 1865 ஜூலையில் தொடங்கிய இரகசியப் போலீஸ் இலாகா கள்ளநோட்டைப் பிடிக்கத்தான் ஏற்பட்டது. அன்று புழங்கிய பணத்தில் மூன்றிலொரு பங்கு கள்ளநோட்டு என்று மதிப்பிடுகிறார்கள். பணத்துக்குக் காவல் வந்தது, தலைவருக்கு வரவில்லை! 1881-ல் கார்ஃபீல்டு ரயில் நிலையத்தில் சுடப்பட்டார், காவல் இல்லை. 1901-ல் மெக்கின்லி சுடப்பட்டபோது காவலர் பக்கத்திலேயே நின்றனர். கொலைகாரன் கையில் சுற்றியிருந்த கைக்குட்டையை ஒருவரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகே அந்த இலாகாவிடம் ஜனாதிபதியின் காவல் முழுமையாக ஒப்படைக்கப்பட்டது.

பார்க்கர் மேலும் மூன்றாண்டுகள் போலீஸில் நீடித்தார். 1868 ஆகஸ்டில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணம், கடமை நேரத்தில் தூங்கியது. பிறகு பழையபடி தச்சு வேலைக்குப் போனார். 1890-ல் இறந்து வாஷிங்டன் கிளென்வுட் மயானத்தில் அடக்கமானார். கல்லும் பெயரும் இல்லாத அந்தக் குழி இருக்கும் மயானத்தின் வாசல் லிங்கன் சாலையில் இருக்கிறது.